துரை விட்டுப்போன நாய்

செடெனாக் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் இருவர். இளையவள் கையில் கயிறு. கயிற்றில் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு சீமை நாய்.

"எங்க கங்காணி தெனம் இதுக்குச் சலாம் வைக்கிறாருக்கா."

"நாய்க்கா?"

"தொரை சீமைக்குக் கப்பலேறுறப்ப இதைச் சுட்டுடச் சொன்னாரு. நான்தான் லயத்து வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போனா, இதுவும் கூடவே வருது. இதைப் பாத்ததும் தொரைதான் வந்துட்டாருன்னு அந்தாளு கை தானா நெத்திக்குப் போயிடுது."

"அலமாக், இதென்ன கூத்து! வீட்டுல கட்டிப் போட்டுட்டுப் போயேன்."

"எதுக்குக்கா? கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது நான்தானே? பத்து வருசமா நான் அந்தாளுக்கு வச்ச சலாமெல்லாம் இப்பத்தான் ஒவ்வொண்ணாத் திரும்பி வருது."