கபாசா சாரின் தங்கப் பல்

தேநீருக்கு நன்றி, ஐயா. என்னை விசாரணைக்கு அழைத்த இடத்திலும் பீங்கான் கோப்பையில் கொடுத்தீர்கள். நல்ல பழக்கம்.

கிட்வே நகரப் பள்ளியில் பதினாறு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது. தலைமையாசிரியர் கபாசா என் ஆய்வகத்தில் கோழிகளை அடைத்துப் பூட்டியபோதுகூட மரியாதையாகத்தான் போய்க் கேட்டேன். சுவரில் நான் ஒட்டியிருந்த ஒடுக்க மின்னழுத்த அட்டவணையைக் கிழித்துக் கோழிகளுக்கு அடியில் விரித்திருந்தார்.

"ஏம்ப்பா மும்பா, இந்த நம்பரெல்லாம் படிச்சா கோழி ரெண்டு முட்டையா போடும்?" என்றார். முன்பல்லின் தங்க உறை தெரியச் சிரித்தார்.

அந்த நம்பர்கள் மிக எளிமையானவை. இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால், எண் குறைந்தது எலக்ட்ரானைக் கொடுக்கும், கூடியது வாங்கிக்கொள்ளும். அலுமினியம் மைனஸ் 1.66, தங்கம் பிளஸ் 1.50. ஈரத்துக்கு எச்சில் போதும். அந்தச் சின்ன மின்னோட்டம் பல் நரம்பில் சுரீரென்று ஏறும். முதலில் அலுமினியக் கரண்டி என்று நினைத்தேன். ஆனால் இன்ஷிமாக் களியைக் கையால் உருட்டித்தானே சாப்பிடுகிறோம்? ஆகவே சுதந்திர தினத்தன்று, அவர் பெயர் பொறித்த அலுமினியக் குவளை ஒன்றைப் பரிசளித்தேன். மனிதர் உருகிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குத் தேநீர் அதில்தான். மின்னோட்டத்தைத் தடுக்கும் ஆக்சைடு படலம் போக, வாரம் ஒருமுறை நானே அதன் விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாளே தாடையைப் பிடித்துக்கொண்டார். "யப்பா, சுரீர்னு இழுக்குதுய்யா!"

"அந்தத் தங்கப் பல்லை டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்க சார்," என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

"போய்யா, தங்கம் எங்கயாச்சும் வலிக்குமா? பக்கத்துப் பல்லுதான் பொறாமையில குத்துது."

பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார். வலி நிற்கவில்லை. அதற்கடுத்ததைப் பிடுங்கினார். ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்து ஆறுதல் சொன்னேன். ஆறிய கஞ்சியை அவருடைய குவளையிலேயே ஊற்றிக் கொடுத்தேன். இப்போது மேல்வரிசையில் தங்கப் பல் மட்டும் தனியாக நிற்கிறது.

போன வாரம் ஆய்வகச் சாவியை அவரே என் கையில் வைத்தார். "கடிக்கப் பல்லில்லாதவனுக்குக் கோழி எதுக்குப்பா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அது பரிசோதனை. அட்டவணை சரி என்பது முதல் பல்லிலேயே தெரிந்துவிட்டது. மீதிப் பதினான்கும் துல்லியத்துக்காக.