பறவை பார்க்கப் போன செண்பகவல்லி

அட, எனக்குத் துண்டு வேண்டாம் சார், மொதல்ல உங்க கேமராவ மூடுங்க. நான் நனஞ்சா காஞ்சிருவேன், அது காயுமா?

மார்கழில பாம்பேல இப்பிடி மழ பாத்திருக்கீங்களா? இருபத்தெட்டு வருசமா தாராவில கெடக்கேன், நான் பாத்ததில்ல. இன்னைக்குன்னு பாத்து கடல்லருந்து கெளம்பி வருது சனியன். படகு இந்தக் கழிமுகத்துல பாதி தூரம் போகல, ஓட்டுதவன் கரைக்குத் திருப்பிட்டான்.

ஆமா, நானும் பறவ பாக்கத்தான் வந்தேன். ஏன், இட்லிக்காரி பறவ பாக்கக் கூடாதா? இன்னைக்கு யாவாரத்த விட்டுட்டு, சயான்ல ரெயிலப் புடிச்சு, தானால மாறி வந்திருக்கேன். பாத்தது என்ன? தூரத்துல சேத்துக்குள்ள ஒரு கூட்டம். பிளமிங்கோவாம். ரோஸா இருக்கும்னுல்லா சொன்னாவ? சாயம் போன சேல மாதிரி நிக்கி.

அந்தா, நீல ரெயின்கோட்டு போட்ட கைடு பிள்ள, அவளச் சொல்லணும். எல்லார்ட்டயும் குனிஞ்சு குனிஞ்சு காட்டுதா, மூக்கு வளஞ்சது இது, வால ஆட்டுதது அதுன்னு. என் பக்கம் வந்தா மட்டும் தண்ணியப் பாத்துக்கிட்டே தாண்டிப் போயிருதா. மூணு வாட்டி! எங்க இருக்கு, எங்கன்னு நான் கேக்கேன், காதுலயே விழாத மாதிரி.

கோவம் வராம என்ன செய்யும்? அலை அடிச்சு படகு சாஞ்சப்போ மட்டும் ஓடிவந்து என் தோள இறுக்கிப் புடிச்சா. நேரானதும் விட்டுட்டா.

ஐயோ, கம்ப்ளெயிண்ட்லாம் எழுதாதீங்க சார். அவ வேலைக்கு ஒண்ணு ஆயிரப் போவுது. நல்ல பிள்ளதான். நிச்சயம் பண்ணுன கல்யாணத்த வேண்டாம்னுட்டு, படிக்கப் போறேன்னு வீட்ட விட்டு வந்தவ. எனக்கு மகளே இல்லன்னு அம்மாக்காரி தெருவே கேக்கக் கத்துனா. ஆறு வருசமாச்சு.

எனக்கு எப்பிடித் தெரியுமா? கத்துனது நாந்தான சார்.

கரைக்கு வந்ததும் ஆளு சரியா இருக்கான்னு பேரு கேட்டுக்கிட்டே வந்தால்லா. என் முன்னால நின்னு, ஆன்ட்டி, நாம் க்யா ஹே, பேரென்னன்னு கேட்டா. இந்தில. பக்கத்து வீட்டு மாலதி பேர்லதான் டிக்கெட்டு போட்டிருந்தேன், செண்பகவல்லின்னு எம்பேரப் பாத்தா இன்னைக்கு வேலைக்கு வராம இருந்துருவாளோன்னு. மாலதின்னேன். அவளும் தலைய நிமுத்தாம அதையே எழுதிக்கிட்டா.