பச்சைக் கரண்டில் காய்ந்த காய்

ஈஸ்வரன்: ...ஒன்னை அமுக்குன்ன, அமுக்கினேன். ரெண்டை அமுக்குன்ன, அமுக்கினேன். இனி எதை அமுக்க? என் கழுத்தையா?

பசுமைத்தோழி: வணக்கம். நான் பசுமைத்தோழி, தானியங்கி உதவிக் குரல். உங்கள் குறையைச் சொல்லுங்கள்.

ஈஸ்வரன்: காலைல ஏழு மணிக்குப் போன கரண்டு. இப்ப மணி ரெண்டு. டிரையர்ல நாலு மூட்டை ஏலக்காய் அரைக் காய்ச்சல்ல நிக்குது.

கற்பகம்: மெஷின்கிட்டப் போயி மூட்டைக் கதை பேசிக்கிட்டு... ஊரைச் சொல்லுங்க.

பசுமைத்தோழி: ஊர் திரையில் உள்ளது. ஈஸ்வரன், உடும்பஞ்சோலை. பச்சை மின்சாரத் திட்டத்தின் மதிப்புமிக்க உறுப்பினர்.

ஈஸ்வரன்: கேட்டியா? மதிப்புமிக்க!

கற்பகம்: யூனிட்டுக்கு ஒரு ரூவா கூடக் குடுத்தா என்னையும்தான் அப்படிச் சொல்லும்.

ஈஸ்வரன்: இந்தா தாயி, ஒரு ஞாயம் சொல்லு. அடுத்த தோட்டத்து ஜின்சனுக்கு சாதாக் கரண்டு. எனக்குப் பச்சைக் கரண்டு. அவனுக்கும் போச்சு, எனக்கும் போச்சு. அப்பறம் என்ன வித்தியாசம்?

பசுமைத்தோழி: கம்பியில் வித்தியாசம் இல்லை. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஈடாக ஒரு யூனிட் காற்றாலை மின்சாரம் வாங்கப்படுகிறது. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட காற்றாலை உங்கள் எதிர்மேட்டில்தான் உள்ளது. இப்போது முழு வேகத்தில் சுழல்கிறது.

ஈஸ்வரன்: அது எனக்கே தெரியுது. வாசல்ல நின்னுதான பேசுறேன். காத்தாடி அங்க பேயாச் சுத்துது, இங்க பல்பு எரிய மாட்டேங்குது.

கற்பகம்: அதைச் சுத்துற காத்துதான மரத்தையும் லைன் மேல தள்ளிருச்சு.

பசுமைத்தோழி: ஆமா, ரெண்டாவது வளைவுல அந்தப் பட்டுப்போன பலா...

ஈஸ்வரன்: என்னது?

பசுமைத்தோழி: ...பதிவில் உள்ளது. மரம். வளைவு.

ஈஸ்வரன்: பாத்தியா கற்பகம்! பட்ட மரம்ங்குற வரைக்கும் மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆபீஸ்ல இருக்குறவனுக்குத் தெரியல.

பசுமைத்தோழி: தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள். சார்ஜ் எட்டு சதவீதம்தான் இருக்கு... உள்ளது.

ஈஸ்வரன்: மெஷினுக்கே கரண்டு இல்லையா? வெளங்கிரும். அதென்ன அங்க, குக்கர் சத்தமா?

பசுமைத்தோழி: தொழில்நுட்பக் கோளாறு.

கற்பகம்: மூணு விசில் வந்துருச்சு. கோளாறை எறக்கி வைக்கச் சொல்லுங்க, அடிப்பிடிக்கும்... லொக்... லொக்...

பசுமைத்தோழி: இருமல் சத்தம் கேட்கிறது. யாருக்காவது உடல்நலக் குறைவா?

கற்பகம்: பனி தாயி. வெறும் பனி. நீங்க பேசுங்க, நான் அதைப் போய்ப் பாத்துட்டு வர்றேன்.

பசுமைத்தோழி: எதை?

ஈஸ்வரன்: பாலு! வீட்டுக்காரி அடுப்புல பாலு வச்சிருக்கா. நீ இங்க கவனி. சூடு நின்னா காயி வெளுத்துரும். வெளுத்ததைக் காய் வாங்குற கம்பெனிக்காரன் தொட மாட்டான். பச்சைக் கரண்டுல காஞ்ச காயின்னு பாக்கெட்டு மேல போட்டுத்தான் அவன் வெளிநாட்டுக்கு அனுப்புறான். அந்தச் சர்டிபிகேட்டுக்குத்தான் எங்களுக்குக் கூடுதல் வெலை. அதுலதான் டிரையர் தவணை ஓடுது.

பசுமைத்தோழி: சான்றிதழ் போனால்?

ஈஸ்வரன்: தவணைக்காரன் டிரையரைத் தூக்கிட்டுப் போயிருவான். திரும்பவும் பழைய ஸ்டோர்ல வெறகு மூட்டித்தான் காயை வாட்டணும்.

கற்பகம்: வந்துட்டேன்... அந்த ஸ்டோர்ப் பொகையில இருபது வருசம் நின்னவ நான். நெஞ்சுப் படத்தைப் பாத்துட்டு டாக்டரு கேட்டாரு, பீடி குடிப்பீங்களான்னு. கரண்டு பச்சையோ செவப்போ எனக்குத் தெரியாது தாயி. இந்த ரெண்டு வருசமாத்தான் நான் படுத்தாத் தூங்குறேன்.

ஈஸ்வரன்: அலோ? சார்ஜ் போயிருச்சா?

பசுமைத்தோழி: இல்லை. சொல்லுங்கள்.

ஈஸ்வரன்: ஒரு சந்தேகம். எனக்கில்ல, ஜின்சன் கேக்கச் சொன்னான். கரண்டு போன நேரத்துல ஒருத்தன் அவசரத்துக்குக் காயைப் பழைய ஸ்டோருக்கு மாத்தி, ரெண்டு கட்டை வெறகை வச்சான்னு வையி... மீட்டர்ல தெரியுமா?

பசுமைத்தோழி: ஜின்சன் சாதா மின்சாரம் என்றீர்களே?

ஈஸ்வரன்: ...சேரலாமான்னு யோசிக்கிறான்.

பசுமைத்தோழி: மீட்டருக்குத் தெரியாது. ஆனால் புகாரைப் பதிவதற்கு முன் ஒரு கேள்வி கட்டாயம். மின்தடையின்போது விறகோ டீசலோ பயன்படுத்தினீர்களா? ஆம் என்றால் சான்றிதழ் ரத்தாகும்.

கற்பகம்: என்ன முழிக்கிறீங்க? இல்லன்னு சொல்லுங்க... லொக்...

ஈஸ்வரன்: இல்ல. காயி டிரையர்லயே கெடக்கு.

பசுமைத்தோழி: உறுதியாகவா?

ஈஸ்வரன்: மெஷினுக்கு என்னத்துக்கு அம்புட்டு உறுதி? இல்லன்னு அடி தாயி.

பசுமைத்தோழி: இல்லை என்று பதிவாகிவிட்டது. அஞ்சு மணிக்குள்ள கரண்டு வந்துரும். லைன்மேன் ஜோஜோ இப்பத்தான் மரம் அறுக்குற வாளோட ஜீப்புல ஏறிப் போறாரு.

ஈஸ்வரன்: போறாரா? நீ எங்க இருந்து பாக்குற? ஏம்மா... நீ நெசமாவே மெஷின்தானா?

பசுமைத்தோழி: நீங்க நெசமாவே டிரையர்லதான் காயப் போட்டிருக்கீங்களாண்ணே? நான் உங்க தோட்டத்துக்குக் கீழ, லயத்து வீட்டுல இருக்குற பூமாரி மக ஆர்த்தி. மெஷினுக்கு நம்ம பேச்சு வெளங்கலன்னு என்னைய வீட்டுல இருந்தே மெஷினாப் பேசச் சொல்லிருக்காங்க. வெளிய சொல்லிராதீங்க, வேலை போயிரும். நானும் பொகையைப் பத்தி மூச்சு விட மாட்டேன், அது காலைல இருந்து எங்க சன்னல்லதான் நிக்குது. ஒன்னு மட்டும்ண்ணே... அக்காவைத் தள்ளி ஒக்காரச் சொல்லிட்டு வெறகை நீங்க போடுங்க. அவங்க இருமுறது எனக்குப் போன்ல ஒருதடவை, சன்னல் வழியா ஒருதடவைன்னு ரெண்டு தடவை கேக்குது.