ரேகை விழல

பொட்டிய மடியிலயே வச்சிக்குங்க தம்பி, கீழ வச்சா பஸ்ஸு குலுக்குற குலுக்குல கண்ணாடி ஒடஞ்சிடும். எப்புடித் தெரியும்னா... ரேகை மெஷின்தான அது? சிப்காட்ல மாட்டப் போறீங்களா? மூணு வருசம் முன்னாடி இதே மாதிரி ஒண்ண நானும் மாட்டுனேன்.

காடாம்புலியூர்ல. எந் தங்கச்சி புருசன், மச்சான் தட்சிணாமூர்த்தியோட முந்திரிக் கம்பெனி. பதினாறு வருசம் சிங்கப்பூர்ல இருந்துட்டு வந்தவன் நான். கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்னு மச்சான் என்னைய மேனேஜரா ஒக்கார வச்சாரு. வர்றவங்க பேர நோட்டுல எழுதுறது எனக்கு அசிங்கமா தெரிஞ்சிச்சி. மெஷின் வாங்குனேன், நோட்டத் தூக்கிப் போட்டேன்.

முந்திரி ஒடைக்கிற கை பார்த்திருக்கீங்களா? இல்லையா. ஓட்டுல ஒரு எண்ண இருக்குது, பட்டா தோலு வெந்து உரிஞ்சிடும். சாம்பலத் தொட்டுத் தொட்டுத்தான் ஒடைப்பாங்க. அப்பறம் ரேகை எங்க இருக்கும்? மத்த பொம்பளைங்க கட்டவிரல் இல்லாட்டி சுண்டுவிரல்னு எப்புடியோ ஒப்பேத்திடுவாங்க. ஜெயராணின்னு ஒருத்தி, அதுக்குப் பத்து விரலும் வழவழன்னு இருக்கும். எமனே வந்தாலும் ஒன்னைய அடையாளம் தெரியாம திரும்பிடுவாண்டின்னு கிண்டல் பண்ணுவாளுங்க. அதுவும் சேர்ந்து சிரிக்கும்.

சார், எனக்கு மட்டும் நோட்டுல ஒரு வரி எழுதிக்குங்களேன்னு கேட்டுச்சி. ஒருத்தருக்கு எழுதுனா எல்லாருக்கும் எழுதணும்மா, தேங்கா எண்ண தடவிப் பாருன்னேன். தடவிட்டு வந்துச்சி, பாவம். விழல. விழாத நாள்ல கூலி இல்ல, சில சமயம் வீட்டுக்குப் போயிடும். சில சமயம், சாயங்காலமாச்சும் விழும்னு உள்ள போயி ஒக்காந்து ஒடைக்கும்.

போன சித்திரையில தீப்பிடிச்சிது. எல்லாரும் ரோட்டுக்கு ஓடியாந்துட்டாங்க. அன்னிக்கு மெஷின்ல பதிஞ்ச லிஸ்ட்ட வச்சிக்கிட்டுத் தலைய எண்ணுனேன். நாப்பத்தோரு பேரு, லிஸ்ட்டுலயும் நாப்பத்தொண்ணு. சரியா இருந்துச்சி. தீ அணைஞ்சப்பறம்தான் பார்த்தாங்க, ஓடு கொட்டுற ரூம்புல ஜெயராணி கெடந்துச்சி.

இப்பவா? மஞ்சக்குப்பத்துல நடக்குற இந்தக் கேசு விசாரணைக்குப் போறேன். அது அன்னிக்கு வேலைக்கே வரல, வேலையில இல்லாத ஆளுக்குக் கம்பெனி எப்புடிப் பொறுப்பாவும்னு மச்சானோட வக்கீல் எழுதிக் குடுத்திருக்காரு. மெஷின்தான் சாட்சி. நான் ஆமாம்னு தலையாட்டணும். ஆட்டலன்னா எந் தங்கச்சி வீட்டு வாசப்படிய மிதிக்க முடியாது. அதுக்கென்ன, மிதிக்காமயே இருந்துக்குறேன்.

தோ, சிப்காட் வந்துடுச்சி. பொட்டிகூட ஒரு நோட்டும் வாங்கி வைங்க தம்பி.

என்ன கேட்டீங்க, அன்னிக்கு யாருமே தேடலையான்னா? அது கூட்டாளி ரசியா தேடுச்சே. காலையில ஒண்ணாதான் சார் நடந்து வந்தோம், ஜெயராணியக் காணோம்னு எங் கையப் புடிச்சி அழுதுச்சி. லிஸ்ட்டப் பார்த்தேன். பேரு இல்ல. விரல் விழாம வீட்டுக்குப் போயிருக்கும்மா, அழாதன்னேன். தீயணைப்பு வண்டிக்காரங்க கேட்டப்பவும் உள்ள ஒருத்தரும் இல்லன்னு நான்தான் சொன்னேன்.

நான் நின்ன எடத்துக்கும் அந்த ரூம்புக்கும் இந்த பஸ்ஸு நீளம்தான் தம்பி இருக்கும். எறங்குங்க, விசில் அடிக்கிறாரு பாருங்க.