வண்டி போட்ட அரை டாலர்

போளூரில் பஸ் புறப்படும்போது நாங்கள் முப்பத்தொரு பேர் இருந்தோம். எனக்கு முன் இருக்கையில் ஒரு மலைக்காரப் பெண். நகை ஆசாரியிடம் புது வளையம் பற்றவைத்து வாங்கி வந்த வெள்ளிக்காசை முந்தானையில் துடைத்தபடி, பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரரிடம் சொன்னாள்:

“இது எங்க எருதோட காசு சார். நான் எப்படி விப்பேன்?”

“இது அமெரிக்கா அரை டாலர்மா. ஞாபகார்த்தமா அடிச்ச வெள்ளி. இதுல பன்னெண்டு வகை சேத்து வச்சிருக்கேன். மாட்டு வண்டி போட்டது மட்டும் ஆப்டவே இல்ல.”

“வண்டி போட்டிருக்கவேதான் எருதுக்குக் கட்டினோம். வெள்ளக்கார டாக்டரம்மா எங்க மாமனாருக்குக் குடுத்தது.”

“வளையம் வேற வச்சுட்டியே! இன்னா இப்படி மின்னுது?”

“பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்ப்போம்.”

“ஐயோ! பழைய காசத் தேய்க்கவே கூடாதும்மா. மதிப்பே போச்சு.”

“அப்ப வுட்டுடுங்க சார்.”

“தேஞ்சாலும் எனக்கு அதுதான் வேணும்.”

“எருது இருக்கற வரைக்கும் தர மாட்டேன்.”

“எருதுக்கு இன்னா வயசு?”

“சார்! உங்க வாய்ல நல்ல வார்த்தையே வராதா?”

அவள் ஊர் வந்ததும் எழுந்தாள். ஜமுனாமரத்தூருக்கு டிக்கெட் வாங்கியிருந்த கண்ணாடிக்காரரும் எழுந்தார்.

“நானும் வர்றேன். அது கழுத்துலயாவது பாத்துட்டுப் போறேன்.”

“வாங்க. புது ஆளக் கண்டா முட்டும்.”

இறங்கிவிட்டார். அன்றைக்கு அதுதான் கடைசி பஸ். அவரிடம் ஒரு குடைகூட இல்லை. பஸ்ஸில் இருபத்தொன்பது பேர்.