முப்பத்தோரு கடைக் கல்லு

ஹலோ... ஹலோ... விழுப்புரமா? காப்பி கிளப்புங்களா? ... நான் திண்டிவனத்துலருந்து கோதண்டபாணி பேசறேங்க. சில்லறைக் கடைக்காரங்க சங்கம் செக்ரட்டரி... ஆமாங்க, ட்ரங்க் கால். உங்க எதிர்ல எடை முத்திரை ஆபீசு இருக்குது இல்ல? வாசல்ல காதர் பாட்சான்னு ஒருத்தரு எடைக்கல்லு கட்டின கோணி மூட்டையோட நின்னுகினு இருப்பாரு. கொஞ்சம் கூப்பிடுங்க. ஜல்தி... உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

...

பாய்! நீங்கதானா? மூட்டைய குடுத்துடாதீங்க! ... என்னது? ... குடுத்தாச்சா? எப்போ? ... ஆபீசரு மேசை மேலயேவா? ... ஐயய்யோ, மோசம் போய்ட்டோம் பாய்.

இல்ல, இல்ல, தப்பு உங்களுது இல்ல. வக்கீல் சுப்பராயலு காலையிலதான் சொன்னாரு. இந்தப் புது கிலோ கல்லு எடை கொறையுது, ஜனங்க நம்மள திருடன்றாங்க, கல்லு வித்த கம்பெனிய புடிங்கன்னுதானே மனு குடுத்தோம்? சட்டம் அப்படி இல்லியாம். கொறஞ்ச கல்லு எவன் கடையில இருந்துதோ அவன் மேலதான் கேசாம்... ஆமா... ஆமா பாய், கடைய சீல் வெப்பாங்களாம். ஜெயிலு கூட உண்டாம். நாமளே போயி கழுத்த நீட்டிட்டோம்.

கருவாட்டுக் கடை வீரம்மா தரமாட்டேன்னுதான் சொல்லிச்சி. வெச்சிருக்கறது ஒரே ஒரு கிலோ கல்லு. சங்கம் இருக்குது, பயப்படாத குடும்மான்னு நான்தான் வாங்கினேன். இனிமே அது மூஞ்சில எப்படி முழிப்பேன்...

சரி, சரி, நீங்க சொல்லுங்க. ஆபீசரு என்ன கேட்டாரு? ... எது எது யாரு கல்லுன்னா? ... அடக் கடவுளே! திரும்பி வரும்போது மாறிடக் கூடாதுன்னு ஒவ்வொரு கல்லுலயும் கடைப் பேரு எழுதி சீட்டு ஒட்டினோமே பாய்! அதப் பாத்தாலே போதுமே! என் புத்திய...

என்னது? ... கேசுன்னு அவரு சொன்னதுமே கிழிச்சிட்டீங்களா? ... அவரு கை கழுவப் போனப்பவா? ... முப்பத்தோரு சீட்டுமா? ... நெஜமாவா? ... அல்லா உங்கள நல்லா வெப்பான் பாய்! இப்பதான் எனக்கு உசுரு வந்துது.

ஆப்பரேட்டரம்மா, கட் பண்ணிடாதீங்க! இன்னும் மூணு நிமிஷம் குடுங்கம்மா!

பாய்... அப்ப யாரு கல்லுன்னு எழுதிகினாரு? ... ம்... ம்... யாரு பேருல?

... உங்க பேருலயா?

முப்பத்தொண்ணுமா? ... கையெழுத்தும் போட்டாச்சா? ... உங்க ஒரு பொட்டிக் கடையில முப்பத்தோரு கிலோ கல்லு இருக்கும்னு அவரு நம்பினாராக்கும்! ... நம்பாமதான் எழுதிகினாரா?

வேணாம் பாய். அழிக்கச் சொல்லுங்க. சங்கம் ஆரம்பிச்சது நானு, மனு எழுதினது நானு. நீங்க மூட்டைய தூக்கினு போனவரு, அவ்ளோதான்... சிரிக்காதீங்க! பொண்ணு நிக்காவுக்குப் பத்து நாளு கூட இல்ல, சிரிக்கிறீங்களே... இருங்க, இப்பவே பஸ் ஏறி வர்றேன். என் பேர எழுதச் சொல்றேன்... கூப்பிடறாங்களா? உள்ள போவாதீங்க பாய்! நான் வர்ற வரைக்கும் கிளப்புலயே உக்காந்துகினு இருங்க. உங்க வீட்ல ஜமீலா பீவி என்கூடத்தான் போஸ்டாபீசுக்கு வந்திருக்காங்க, இதோ இந்தப் போன் கூண்டுக்கு வெளியிலதான் நிக்கிறாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? ... பாய்? ... ஹலோ? ... ஹலோ? ...

ஒண்ணுமில்ல தங்கச்சி. லைன் கட்டாயிடுச்சி. பாய் சாயங்காலம் வந்துடறேன்னு சொன்னாரு.