இலிங்காவின் கட்டைவிரல்

நகத்துக்கு ஜிகினா போட வருகிறவர்கள் எல்லோரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது துகளின் அளவை. மாவு போன்ற பொடி பளபளக்கும், ஆனால் எதையும் மறைக்காது. பெரிய சில்லுகள் மறைக்கும், ஆனால் மேலே சரியாகப் பூசி மூடாவிட்டால் தலைமுடியில் சிக்கும். சில்லை முதலில் ஒற்றி, சந்துகளில் பொடியை நிரப்பி, பூச்சை இறுக்கும் விளக்குக்குள் கையை வைக்கச் சொல்லி, மேல்பூச்சை இரண்டு தடவை கொடுத்துவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

உட்காருங்கள், ரெமுஸ். சவப்பெட்டியில் கிடந்த உங்கள் மனைவிக்கு நகம் செய்துவிட்டதற்காக நன்றி சொல்ல வந்திருக்கிறீர்கள். நாற்பதாம் நாள் படையலின் கோலிவாவும் கொண்டுவந்திருக்கிறீர்கள். கோதுமை பதமாக வெந்திருக்கிறது. உங்கள் அம்மா செய்ததாகத்தான் இருக்கும். போகிறபோக்கில் ஒன்று கேட்டீர்கள். "இத்தனை வருஷமா அவ கையைப் பிடிச்சு வேலை செஞ்சீங்களே, உங்க கண்ணுல எதுவும் படலியா?" சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. மனசு ஆறாமல் கேட்டீர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

இலிங்கா முதலில் என் மகன் ஹோரியாவுக்கு நிச்சயம் செய்த பெண். அது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு ஆர்த்தடாக்ஸ் பாதிரியாரிடம் பேசி, மண்டபம் பிடித்து, எல்லாம் முடிந்திருந்தபோது கலாட்ஸி சாலை வளைவில் அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, கருப்பு உடையோடு வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசைமேல் நீட்டினாள்.

"ஏதாச்சும் பண்ணிவிடுங்க அத்தை. யாராச்சும் கையைப் பிடிச்சுக்கிட்டாத் தேவலைன்னு இருக்கு."

நான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தாள். இந்தப் பிரய்லா ஊர் முழுக்க எனக்கு ஹோரியாவைப் பற்றிப் பேச வேறு யாரும் இல்லை. அவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதை நினைவு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். துக்கம் முடிந்து அவளுக்கு முதன்முதலாக வெள்ளி ஜிகினா போட்டதும் நான்தான். விரித்த கையைப் பார்த்துச் சிரித்தாள்.

"துறைமுக ஆபீஸ்ல என்னைப் பாத்தா கிறிஸ்துமஸ் மரம் வந்திருச்சும்பானுங்க அத்தை."

"சொல்லிட்டுப் போறானுங்க. அவனுங்க பொண்டாட்டிங்க எல்லாம் எங்கிட்டதான் வர்றாளுங்க."

பிறகு நீங்கள் வந்தீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வயதுப் பெண் எத்தனை காலம் தனியாக இருப்பாள்? கல்யாணத்துக்கு அவள் நகத்தை நான்தான் அலங்கரித்தேன். முத்து வெள்ளை, ஓரத்தில் மட்டும் பொன் பொடி.

அடுத்த வருடக் கோடையில் ஒருநாள் பழைய பூச்சை அராவி எடுத்தபோது, வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு தெரிந்தது. நகக்கண்ணிலிருந்து நுனிவரை, பென்சிலால் இழுத்த மாதிரி பழுப்பு நிறத்தில்.

"கதவுல நசுங்கிச்சா?" என்று கேட்டேன்.

"இல்லையே."

புக்கரெஸ்டில் நான் தொழில் படித்தபோது தோல் மருத்துவர் ஒருவர் வந்து படங்கள் காட்டினார். அதில் இப்படி ஒரு நகம் இருந்தது. இதைப் பார்த்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், நகத்துக்கடியில் வரும் புற்றுநோய் காத்திருக்காது என்றார். நான் அரத்தைக் கீழே வைத்தேன். சொல்ல வேண்டியது வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது அவள் கைபேசி அடித்தது. இடது கை விளக்குக்குள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். உங்கள் அம்மா.

"கண்ணு, ஞாயித்துக்கிழமை மீன் சூப்பு வைக்கிறேன். ரெண்டு பேரும் வந்துருங்க."

"வந்துர்றோம் அத்தை."

என்னைக் கூப்பிடும் அதே 'அத்தை'. அதே குரல், அதே செல்லம். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பேசி முடித்துவிட்டு அவள் தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன அத்தை, கறையா?"

"அக்ரூட் கறை" என்றேன். "பச்சைக் காய் உரிச்சியா?"

"ஆமா, போன வாரம் அவங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து அக்ரூட் ஜாம் போட்டோம். கையுறை போடுன்னு அவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

அப்படியே விட்டுவிட்டேன். பெரிய சில்லு ஜிகினாவை எடுத்து, நகக்கண் பக்கம் அடர்த்தியாகவும் நுனிப்பக்கம் தேய்ந்துகொண்டே போவது போலவும் ஒற்றினேன். மிகவும் அழகாக வந்தது. இனிமேல் எப்போதும் இதையே போடுங்கள் என்றாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் மருத்துவர் என்னை அந்த நகத்தைத் தொடவே விட்டிருக்க மாட்டார். பிறகு அவள் எதற்காக இங்கே வருவாள்? இறந்துபோனவனின் அம்மாவைப் பார்க்க எவ்வளவு நாள் வருவார்கள்?

கோடு அகலமானது. குளிர்காலத்தில் நகக்கண்ணைத் தாண்டித் தோலிலும் கருப்பு இறங்கியது. ஒருமுறை அவளே கேட்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டட்டுமா அத்தை? ரெமுஸ்கிட்ட சொல்லவா?"

"இப்ப பூச்சை எடுத்தா நகம் காகிதமாட்டம் இருக்கும். வளர வளர கறை தானா நகர்ந்து போயிரும். இதுக்குப் போய் வீட்டுல எல்லாரையும் பயமுறுத்துவியா?"

என்னை நம்பினாள். அக்குளில் கட்டி வந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். விரலை எடுத்த பிறகு கட்டுப்போட்ட கையோடு இங்கே வந்தாள் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

"ஒம்பது நகம்தான் இனிமே. சீக்கிரம் முடிஞ்சிரும் உங்களுக்கு" என்று சிரிக்கப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். என்னைத் தேற்றியது அவள்தான்.

"அழாதீங்க அத்தை. இவ்ளோ நாளா யாரும் பாக்கலியான்னு டாக்டர் கேட்டாரு. எப்பவும் ஜிகினா போட்டிருப்பேன்னேன். நான் உங்களைக் குத்தம் சொல்லவே இல்ல. எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்று அந்த ஒன்பது நகத்தையும் மெதுவாகச் செய்தேன். கையை விட மனம் வரவில்லை.

சவப்பெட்டி பக்கத்திலும் அப்படித்தான். நீங்கள் வெளியே நின்றிருந்தீர்கள். அவள் விரல்கள் குளிர்ந்துபோயிருந்ததால் பூச்சு பிடிக்க நேரமானது. அவள் காதோரம் குனிந்து, ஹோரியாவை நான் விசாரித்ததாகச் சொல் என்றேன். அவன் தனியாகக் கிடந்து எத்தனை வருடம் ஆகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கண்ணில் பட்டது. முதல் நாளே பட்டது. அது என்னவென்றும் தெரியும், விட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து, துடைத்து, மூடி அனுப்பினேன்.

எதற்காக எழுந்து நிற்கிறீர்கள்? போலீசுக்குப் போவதானால் போங்கள், அங்கேயும் இதையேதான் சொல்வேன். ஆனால் அவளை நான் கொன்றேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், ரெமுஸ். எந்த மாமியாராவது சொந்த மருமகளுக்குக் கெடுதல் நினைப்பாளா?